கோபக்காரனுக்கு மட்டுமா மாரடைப்பு?

போன மாதம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தோம். இறந்தவர் பழைய கித்தாத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். வயது அறுபத்திரண்டு. பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிக்கொண்டது நம் காதில் விழுந்தது. "மனுஷன் ஒரு நாளாவது சும்மா இருந்தாரா? எப்பப் பாத்தாலும் காட்டுக் கத்தல். நெஞ்சு எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்?" என்றார் ஒருவர். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். கோபக்காரர், ஆகவே மாரடைப்பு. கணக்கு அதோடு முடிந்துவிட்டது.

பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அதே தாமானில் நாலு வீடு தள்ளி இன்னொருவருக்கு நெஞ்சுவலி. இவர் அந்த மண்டோரிடம் இருபது வருஷம் பால் வெட்டியவர். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். பிள்ளைகளைக்கூட அதட்டியதில்லை. இவரையும் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். இப்போது சனங்களுக்குக் குழப்பம். "அவருக்கு வந்தது சரி, இந்தப் பச்சப்புள்ள மனுஷனுக்கு எப்படி வந்துச்சு?"

நல்ல கேள்விதான். ஒருவர் குணத்துக்கும், அவர் பேசும் விதத்துக்கும், இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டா? உண்டென்று பெரிய பெரிய டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். இல்லையென்று மறுத்தவர்களும் பெரிய டாக்டர்கள்தாம். இதில் நம் தோட்டத்து வாழ்க்கைக்குப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று பார்த்தால் நல்லது எனத் தோன்றியதால் இதை எழுதுகிறோம்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிரீட்மேன், ரோசன்மேன் என்று இரண்டு இருதய டாக்டர்கள் இருந்தார்கள். 1950களில் அவர்களுடைய கிளினிக்கில் நாற்காலிகளுக்கு மெத்தை மாற்ற வந்த ஆள் ஒரு விஷயத்தைக் கவனித்தாராம். நாற்காலியின் முன் விளிம்பு மட்டும் தேய்ந்து கிழிந்திருந்தது. சாய்ந்து உட்காரும் முதுகுப் பக்கம் புதுசாகவே இருந்தது. அதாவது அங்கே வந்த நோயாளிகள் ஒருவரும் சாய்ந்து உட்காரவில்லை, எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். டாக்டர்களுக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை, பின்னால்தான் உறைத்தது. எப்போதும் அவசரம், போட்டி, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல் என்று இருக்கிறவர்களை 'ஏ' ரகம் என்றும், நிதானமாக இருக்கிறவர்களை 'பி' ரகம் என்றும் பிரித்து 1959இல் எழுதினார்கள்.

அந்த ரகத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இதில் ருசியான சங்கதி. ஆளை உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட எப்படிச் சொல்கிறார் என்பதையே கவனிப்பார்கள். கேட்கிறவர் வேண்டுமென்றே இழுத்து இழுத்துக் கேட்பார். 'ஏ' ரகத்து ஆளுக்குப் பொறுக்காது. கேள்வி முடியும் முன்பே குறுக்கே விழுந்து பதில் சொல்லிவிடுவார். குரல் உயரும், வார்த்தை வெடிக்கும், மேசையைத் தட்டுவார். நோயை ஸ்டெதஸ்கோப்பால் தேடாமல் பேச்சில் தேடினார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. 3,154 ஆண்களை இப்படிப் பிரித்து எட்டரை வருஷம் பின்தொடர்ந்து பார்த்ததில், 257 பேருக்கு இருதய நோய் வந்தது. 'பி' ரகத்தாரைவிட 'ஏ' ரகத்தாருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 1975இல் அறிவித்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது.

அந்த நாளில் இது 'பெரிய மனுஷன் வியாதி' என்றே பேசப்பட்டது. கம்பெனி முதலாளி, மானேஜர், வக்கீல் இவர்களுக்கு வருவது என்று பேச்சு. நம் தோட்டத்து மொழியில் சொன்னால் துரை வியாதி. கூலிக்காரனுக்கு என்ன டென்ஷன், அவன் பாட்டுக்கு மரத்தைச் சீவிவிட்டுப் போகிறான் என்று நினைப்பு.

அவன் பாட்டுக்கா சீவினான்? 1877இல் கோலகங்சாரில் முதல் கித்தாக் கன்றுகளை ஊன்றிய காலத்திலிருந்து இந்தப் பேராக் மண்ணில் தோட்டத் தொழிலாளி நிதானமாக வேலை செய்த நாள் ஏது? விடியுமுன் பெரட்டு. தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போனால் நானூறு ஐநூறு மரம். வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடித்தாக வேண்டும். ஏனென்றால் விடியற்காலையில்தான் பட்டைக்குள் பால் நிறைந்து அழுத்தமாக நிற்கும். வெயில் வந்துவிட்டால் ஓட்டம் குறைந்துபோகும். நேரம் தப்பினால் பால் குறையும், பால் குறைந்தால் நிறுவையில் குறையும், நிறுவையில் குறைந்தால் கிராணியாரிடம் ஏச்சு. மழை வந்தால் மங்கிலிருக்கும் பாலும் போச்சு. இப்படி ஓடியவனை 'ஏ' ரகம் என்பதா? மரமும் கடிகாரமும் அவனை விரட்டின. அவசரம் ஆளின் குணத்தில் மட்டும் இருப்பதில்லை, வேலையிலும் இருக்கிறது. இதை அந்த டாக்டர்கள் அப்போது கவனிக்கவில்லை என்பது நம் முதல் குறை.

இரண்டாவது சங்கதி இன்னும் சுவாரஸ்யமானது. 1985இல் முடிவு வெளியான இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வில் 'ஏ' ரகத்துக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமே தட்டுப்படவில்லை. 1988இல் அந்தப் பழைய 257 பேரையே மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பில் பிழைத்தவர்களில், பிறகு அதிகமாக இறந்தவர்கள் 'ஏ' ரகத்தார் அல்லர், 'பி' ரகத்தார்தாம்! தலைகீழாகப் போயிற்று கணக்கு. 2012இல் வேறொரு உண்மையும் வெளியே வந்தது. வழக்குகளின் பயனாக வெளிவந்த சிகரெட் கம்பெனிகளின் பழைய காகிதங்களைப் புரட்டிய ஆராய்ச்சியாளர்கள், பிலிப் மோரிஸ் கம்பெனி இந்த 'ஏ' ரக ஆராய்ச்சிக்குப் பல வருஷம் பணம் கொடுத்து வந்ததை எழுதினார்கள். காரணம் புரிகிறதல்லவா? மாரடைப்புக்கு உன் குணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் சிகரெட்டின் மேல் பழி குறையும். துக்க வீட்டில் நாம் கேட்ட பேச்சு நினைவுக்கு வந்தது. அந்த மண்டோர் ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவர். அதைப் பந்தலில் ஒருவரும் சொல்லவில்லை. கோபத்தைத்தான் சொன்னார்கள்.

அப்படியானால் கோபத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 'ஏ' ரகம் என்ற மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, அவசரமும் உழைப்பும் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை என்று தெரிந்தது. பகைமைதான் நெஞ்சைத் தொட்டது. எவனைப் பார்த்தாலும் சந்தேகம், எவன் பேசினாலும் 'என்னை மட்டம் தட்டுறான்' என்ற எண்ணம், உள்ளே எப்போதும் ஒரு கொதிப்பு. 1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாரடைப்பு வந்து பிழைத்த 1,623 பேரை விசாரித்திருந்தார்கள். கடுங்கோபம் வந்து அடங்கிய அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மாரடைப்பின் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது என்று கண்டார்கள். கோபம் வந்தால் உடம்பில் அட்ரினலின் ஊறுகிறது, இரத்தக் கொதிப்பு ஏறுகிறது, இரத்தம் சட்டென்று உறையக்கூடிய நிலைக்கு வருகிறது. நல்ல இரத்தக் குழாய் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சிகரெட்டும் இனிப்பு நீரும் ஏற்கெனவே கெடுத்து வைத்திருக்கிற குழாய்க்குத்தான் அந்த இரண்டு மணி நேரம் கண்டம்.

பேச்சுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உள்ள உறவை பால்டிமோர் நகரத்து ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர் கருவி வைத்தே அளந்தார். 1985இல் புத்தகமும் போட்டார். வாயைத் திறந்து பேசத் தொடங்கிய அரை நிமிஷத்துக்குள் அநேகமாக எல்லாருக்கும் அழுத்தம் ஏறுகிறது. வேகமாக, மூச்சு விடாமல் பேசினால் இன்னும் ஏறுகிறது. வாயை மூடி மற்றவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் இறங்குகிறது. காது கேளாதவர்கள் கையால் சைகை காட்டிப் பேசும்போதும் ஏறியதாம்! குரல் மட்டும் காரணமில்லை, இன்னொரு மனிதருக்கு ஒன்றை உணர்த்தப் பாடுபடுவதே இருதயத்துக்கு ஒரு வேலை என்று இதிலிருந்து தெரிகிறது. ஆகையால் கிளினிக்கில் மிஸ்ஸி கையில் பட்டையைக் கட்டும்போது மாமியார் கதையைச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், தாய்மார்களே. அளவு தப்பாக வரும்.

இங்கே ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்று டவுனில் ஏளனம் செய்கிறார்கள். காட்டுக்குள் ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குக் கூப்பிட்டால் சத்தமாகத்தான் கூப்பிட வேண்டும். ஸ்டோரில் இயந்திரம் ஓடும்போது காதுக்குள்ளா பேச முடியும்? அந்தப் பழக்கம் லயத்து வாசலுக்கும் வந்தது, இப்போது புந்தோங்கிலும் செம்மோரிலும் தாமான் வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. டவுனிலிருந்து வந்த மருமகள் ஒருத்தி, மாமனாரும் மாமியாரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள் என்று பயந்துபோய்த் தாய்வீட்டுக்குப் போன் போட்டாளாம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பசியாறைக்கு என்ன செய்வது என்று! உரத்த குரல் வேறு, பகைமை வேறு. இதை ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

இனி அந்தப் பச்சப்புள்ள மனுஷருக்கு வருவோம். நம் மனதை அதிகம் உறுத்துவது இவர் கதைதான்.

பெல்ஜியம் நாட்டில் தெனோலெ என்ற ஆராய்ச்சியாளர் இருதய நோயாளிகள் 303 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து 1996இல் எழுதினார். கவலையும் மனக்குறையும் நிறைய உண்டு, ஆனால் அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று ஒன்றையும் வெளியே காட்டமாட்டார்கள். இப்படிப்பட்டவர்களை 'டி' ரகம் என்றார். அவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்துபோனார்கள், மற்றவர்களில் நூற்றுக்கு 7 பேர்தான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் விஷயம் காலியாகிவிடவில்லை. அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல், அதாவது நம் சுங்கை சிப்புட்டில் துப்பாக்கி வெடித்து நாட்டில் அவசரகாலம் பிறந்த அதே வருஷத்திலிருந்து, இருதய ஆராய்ச்சி நடந்து வருகிறது. அங்கே இரண்டாம் தலைமுறையைப் பத்து வருஷம் கவனித்து 2007இல் ஒரு முடிவு சொன்னார்கள். புருஷனோடு மனஸ்தாபம் வரும்போது பேச வேண்டியதைப் பேசாமல் விழுங்கிவிடும் பெண்கள், பேசிவிடும் பெண்களைவிட நான்கு மடங்கு அதிகமாக இறந்திருந்தார்கள். இருதய நோயால் மட்டுமல்ல, எல்லாக் காரணத்தாலும் சேர்த்து. அமைதியான பெண்டாட்டி கிடைத்தாள் என்று மார்தட்டுகிற நம் ஆண்கள் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

ஆனால் விழுங்குவது நம் சனங்களுக்குப் பிறவிக் குணமா? நாம் அதை ஒத்துக்கொள்ள மாட்டோம். விழுங்கக் கற்றுக்கொடுத்தார்கள். பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கிராணி "டேய்" என்பார், இவர் "ஐயா" என்பார். தப்பு யாருடையதாக இருந்தாலும் "சரிங்க ஐயா" என்றே பதில். ஏன்? எதிர்த்துப் பேசினால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும், வீடு தோட்டத்துடையதாயிற்றே! வீடு போனால் பிள்ளைகள் பள்ளிக்கூடமும் போகும். ஒரு வார்த்தைக்கு இத்தனை விலை என்றால் யார்தான் வாயைத் திறப்பார்? அந்தப் பச்சப்புள்ள மனுஷரின் அப்பாவும் அப்படித்தான் நின்றார், இவரும் அப்படித்தான் நின்றார். பேசாதே என்பது இரண்டு தலைமுறைப் படிப்பினை. இதை ஒரு 'ரகம்' என்று அட்டை ஒட்டிவிட்டுப் போவது நியாயமில்லை.

1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் போன்றவர்கள் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து சம்பளம் பேசிய பிறகுதான் நம்மவர்களுக்கு ஒரு வாய் கிடைத்தது. சங்கத்தைப் பற்றி நமக்குக் குறைகள் உண்டு, இல்லாமலில்லை. ஆனால் தனியாளாகப் பேச முடியாததை நமக்காக ஒருவர் பேசுகிறார் என்ற தெம்பு இருதயத்துக்கும் ஒரு மருந்துதான் என்று நாம் எண்ணுகிறோம்.

இப்படி நாம் எண்ணுவதற்கு ஆதாரம் லண்டனில் இருக்கிறது. அங்கே 1967 முதல் கவனிக்கப்பட்டு வந்த அரசாங்க ஊழியர்களின் கணக்கை மார்மட் என்ற டாக்டரும் அவர் கூட்டத்தாரும் ஆராய்ந்தார்கள். எல்லாருமே ஆபீஸ் வேலைக்காரர்கள். துரை வியாதி என்பது உண்மையானால் மேலே உள்ள பெரிய அதிகாரிகள்தாமே அதிகமாகச் சாக வேண்டும்? நடந்ததோ நேர்மாறு. வாசற்காவல், தபால் தூக்குவது போன்ற கடைநிலை வேலைக்காரர்கள் பெரிய அதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேலாக இருதய நோயால் இறந்தார்கள். 1978இல் வந்த கணக்கு இது. புகை, கொழுப்பு, கொதிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோதும் மிச்சம் நின்றது. தன் வேலையில் தனக்கு ஒரு சொல் சொல்ல உரிமை உண்டா இல்லையா என்பது அந்த மிச்சத்தில் ஒரு முக்கியமான பங்கு என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வேலை அதிகம், அதிகாரம் இல்லை. இந்த இரண்டும் சேருமிடத்தில்தான் நெஞ்சு கெடுகிறது.

தோட்டம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். நம்மவர்கள் டவுனுக்கு வந்து ஜாகா வேலை, லோரி, பெக்டரி என்று போனார்கள். பன்னிரண்டு மணி நேரம் கேட்டைத் திறந்து மூடும் ஜாகாக்காரரின் நிலைமை அந்த லண்டன் வாசற்காவலரின் நிலைமையேதான். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் "லீவு வேணும்" என்று சூப்பர்வைசரிடம் கேட்க இன்றைக்கும் நம் ஆட்களுக்குத் தொண்டை அடைக்கிறது.

குணத்தையும் பேச்சையும் பற்றி இவ்வளவு எழுதியதால் மற்றதை மறந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. மாரடைப்புக்குச் சிகரெட், கெட்ட கொழுப்பு, இரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், தொந்தி ஆகியவற்றோடு மன உளைச்சலையும் ஒரு காரணமாகச் சேர்த்தது. அதே ஆய்வின் கணக்குப்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரி 53 வயதிலேயே வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. நம் நாட்டில் 2019இல் எடுத்த சுகாதாரக் கணக்கில் இந்தியப் பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு இனிப்பு நீர். கொட்டைப்பால் ஊற்றிய தேத்தண்ணியை நாளுக்கு ஐந்து கிளாஸ் குடித்துவிட்டு, "எனக்கு டென்ஷன், அதான் நெஞ்சு வலி" என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஆனால் பேசாமல் விழுங்குகிற பழக்கம் நேரடியாகவே ஆளைக் கொல்லும் ஓர் இடம் உண்டு. அந்தப் பச்சப்புள்ள மனுஷருக்கு இரவு பதினொரு மணிக்கே நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டது. இடது தோள் வரைக்கும் கனம். குப்பென்று வியர்வை. மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறார், எழுப்ப மனசில்லை. மகன் ஈப்போவில் இரவு ஷிப்ட், அவனுக்குப் போன் போட்டால் வேலை கெடும். காத்து அடைத்திருக்கும் என்று ஓமத்தண்ணி குடித்தார். வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். விடிகாலை நாலரைக்கு மனைவி எழுந்து வந்து, "என்னங்க இங்க உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டபோதுதான், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றாராம். ஐந்தரை மணி நேரம்! இரத்தம் போகாத இருதயத் தசை ஒவ்வொரு நிமிஷமும் செத்துக்கொண்டிருக்கும். அடைப்பை உருக்கும் மருந்தும், குழாயைத் திறக்கும் சிகிச்சையும் முதல் சில மணி நேரத்தில் செய்யும் வேலையைப் பிறகு செய்யமாட்டா.

ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். டாக்டர் மலாய்க்காரப் பெண். "சாக்கிட் டாடா?" என்று கேட்டார். இவர், "சிக்கிட் சஜா, டாக்டர்" என்றார். கொஞ்சம்தானாம்! மரியாதைக்குச் சொன்ன பதில். பக்கத்திலிருந்த மனைவி விடவில்லை. தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், ராத்திரி பதினொரு மணியிலிருந்து வலி, வியர்வை, வாந்தி வருகிற மாதிரி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள். அன்றைக்கு அந்த அம்மாவின் உரத்த வாய்தான் அவரைக் காப்பாற்றியது.

டாக்டரிடம் மரியாதை வேண்டும், மழுப்பல் வேண்டாம். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எங்கே வலி, எங்கே பரவுகிறது, மூச்சு வாங்குகிறதா, வேர்த்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், இவ்வளவையும் சொல்லிவிட வேண்டும். மொழி வராதென்றால் மகனையோ மகளையோ ஒரு தாளில் மலாயில் எழுதித்தரச் சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பெண்களுக்கு வலியே பெரிதாக இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியும் குமட்டலும் தாடை வலியுமாக வருவதும் உண்டு. "வேலைக் களைப்பு" என்று படுத்துவிடக்கூடாது. 999க்குப் போன் போட வெட்கப்பட என்ன இருக்கிறது? காத்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும், திரும்பி வந்து கோப்பி குடிக்கலாம்.

மனக் கஷ்டத்தைச் சொல்லவும் நம்மவர்களுக்கு ஒரு பயம் உண்டு. அதற்குக் காரணம் பக்கத்து ஊர்ப் பேர்தான். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் மனநோய் ஆஸ்பத்திரி திறந்தார்கள். இன்றைக்கு அதற்குப் பஹாகியா ஆஸ்பத்திரி என்று பெயர். ஆனால் பேராக்கில் பிறந்த எந்தப் பிள்ளையையும் கேளுங்கள், யாராவது கொஞ்சம் மனம் கலங்கிப் பேசினால் "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று கேலி செய்வார்கள். ஒரு நூறு வருஷக் கேலி! தூக்கம் வரவில்லை, மனசு பாரமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காமல் கேட்கிற காது நம் வீடுகளில் எத்தனை இருக்கிறது? அந்தக் காது இல்லாததால்தானே பலர் கள்ளுக்கடையிலும் சம்சு போத்தலிலும் போய்ச் சொல்லிக்கொண்டார்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருவிழாவுக்கு மைக்செட் வைக்கிறீர்கள், பந்தல் போடுகிறீர்கள். அதே மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின் ஒன்றை வையுங்கள். விலை ஒரு பந்தல் செலவுகூட ஆகாது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மருந்து கிடைக்கிறது, நாற்பது வயதைத் தாண்டிய ஏழைகளுக்கு 2019 முதல் பெக்கா திட்டத்தில் இலவசச் சோதனை இருக்கிறது. போகாமல் இருக்கக் காரணம் காசு அல்ல. கூப்பிட்டுக்கொண்டு போக ஆள் இல்லை.

போன வாரம் அந்தப் பச்சப்புள்ள மனுஷரைப் பார்க்கப் போனோம். கிளினிக்கிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். பிரஷர் எவ்வளவு என்று கேட்டோம். அவர் மனைவி சிரித்துவிட்டார். "எங்க பார்க்க விட்டாரு? மிஸ்ஸி பட்டையக் கட்டிட்டு, அங்கிள் பேசாதீங்க, பேசாதீங்கன்னு மூணு தடவ சொல்லிட்டாங்க. பழைய மண்டோரைப் பத்தி, பெரட்டுல பட்டதைப் பத்தி விடாம சொல்லிக்கிட்டே இருக்காரு. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துல நானே கேக்காத கதையெல்லாம் அன்னிக்கித்தான் கேட்டேன்."